எங்கள் மோட்டார் ஓடிய காலை

ஏப்ரல் 5, சனி

டாக்டர் மெர்சி மறுபடியும் போன் செய்தார். ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது போலும். ஆறு வருடமாக என் லேபில் நான் பார்த்த இறால் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் அவருக்கு வேண்டுமாம். எந்தக் குளத்தில், எந்தத் தேதியில், என்ன நோய் என்று வரைபடம் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைப்பாராம்.

"பேரு வேண்டாம் மேடம். குளமும் தேதியும் போதும்."

"எங்க ஊர்ல குளத்தச் சொன்னா பேரச் சொன்ன மாதிரிதான் டாக்டர்."

"நோய் எங்க ஆரம்பிச்சு எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும்தானே நல்லது? நீங்க மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணப் போகிறேனா. பிழைப்பு நடத்தப் போகிறேன். அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு யாராவது பையில் இறாலைப் போட்டு எடுத்து வந்தால்தான் அடுப்பு எரியும். நான் லேப் திறப்பதற்கு முன்னால் இந்த உப்பனாற்றங்கரையில் ஒருத்தர்கூட இறாலைப் பரிசோதித்ததில்லை. பரிசோதித்தால் வியாபாரிக்குத் தெரியும், தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பான் என்று பயம். புனிதவதி லேபில் பார்த்தால் சுவருக்குக்கூடத் தெரியாது என்று பெயர் வாங்கிய பிறகுதான் ஒவ்வொருத்தராக வந்தார்கள். கட்டிய புருஷனுக்குக்கூட ஒரு ரிசல்ட்டையும் நான் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகுகிறது. கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

சனிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்குக் காலையில் கடல் ஏறும்போது உப்பனாற்றில் தண்ணீர் நிறையும். எல்லாரும் அப்போதுதான் குளத்துக்கு எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னால் எங்கள் குளத்து டீசல் மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். லேப்பம்மா வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்தால் அது நல்ல தண்ணீர் என்று இந்தக் கரையில் ஒரு கணக்கு. கூத்து என்னவென்றால் என் புருஷன் இளங்கீரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் காலண்டரைப் பார்த்து மோட்டாரைப் போடுகிறவர். இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் லேபின் மதிப்புதான் குறையும்.

பக்கத்துக் குளத்து ராசகிளி வந்து தீவனம் கடன் கேட்டாள். அவள் வீட்டுக்காரன் சிங்கப்பூரில் இருக்கிறான். இருக்கிறான், அவ்வளவுதான். நகையையெல்லாம் அடகு வைத்து இரண்டு குளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். இதுதான் முதல் அறுவடை. பெண்ணை நர்சிங் சேர்க்க வேண்டும் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்கிறாள். ஒரு மூட்டை கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தலைவர் சம்பந்தமூர்த்தி அவரே நேரில் வந்தார். இறால் விவசாயிகள் சங்கத்துத் தலைவர். வழக்கமாக ஆளிடம் கொடுத்தனுப்புகிறவர் இன்றைக்குக் கையில் பையோடு நின்றார். முடிவு தெரிகிறவரை நகரவில்லை.

வெள்ளைப்புள்ளி. விளக்கை வைத்துப் பார்த்தால் நோயைக் காட்டுகிற கோடு தடிமனாக நிற்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த வைரஸ் ஒரு குளத்தில் புகுந்தால் வாரத்துக்குள் குளத்தைக் காலி செய்துவிடும். தண்ணீரோடு போய் அடுத்த குளத்தையும் பிடித்துக்கொள்ளும். தலைவரின் குளம் உப்பனாற்றின் தலைமாட்டில் இருக்கிறது. அவர் விடுகிற தண்ணீர் எங்கள் எல்லார் மதகையும் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகும்.

"தங்கச்சி, சாவறதுக்குள்ள அள்ளிடுறேன். வெள்ளிக்கிழமை வண்டி வருது. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"அள்ளுங்கண்ணே. ஆனா தண்ணிய வெளிய விடாதீங்க. பிளீச்சிங் போட்டுக் கிருமி சாகுறவரைக்கும் நிறுத்தி வைங்க."

"அறுவட முடிஞ்ச குளத்துல தண்ணிய எவன் நிறுத்துவான்? பாக்குறவனுக்குத் தெரிஞ்சிடாதா?"

"சனிக்கிழமை எல்லாரும் தண்ணி எடுப்பாங்கண்ணே."

"அது அவங்க பாடு. ரிசல்ட்டு எங்க சொத்துன்னு சொன்னது நீதானே? அந்த வார்த்தைய நம்பித்தான் நான் உள்ள வந்தேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அவர் போன பிறகு மேசையை இரண்டு தரம் துடைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மிக்ஸி சரியாகிவிட்டது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

சாப்பிடும்போது இளங்கீரனிடம், இந்தப் பௌர்ணமிக்குத் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. யாருடைய குளம் என்றும் சொல்லவில்லை. ஆகவே நான் வாக்கை மீறவில்லை. ஒருத்தி தன் புருஷனிடம் தண்ணீர் எடுக்காதே என்று சொல்வது எந்த விதத்தில் ரிசல்ட் ஆகும்?

"யாரு குளம்?" என்றார்.

"யாருமில்ல. ரசம் ஊத்தவா?"

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நாம எடுக்கலன்னா ஊரே கேக்குமே புனிதா" என்றார். நான் ரசத்தை ஊற்றினேன்.

சாயங்காலம் ராசகிளி வந்தாள். "சனிக்கிழமை எடுக்கலாமாக்கா? ரெண்டாங்குளத்துல தண்ணி கம்மியா கெடக்கு."

"உன் இஷ்டம்."

"அண்ணன் எடுக்குறாரா?"

"அத அவரத்தான் கேக்கணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தலைவர் குளத்தில் அறுவடை. ஐஸ் லாரி வந்து போயிற்று. நல்ல விலைக்குப் போனதாம். சாயங்காலம் மதகைத் திறந்துவிட்டார். எல்லார் வீட்டுக்கும் ஜாங்கிரி வந்தது, எங்களுக்கும் வந்தது. நான் தொடவில்லை. இளங்கீரன் இரண்டு தின்றார்.

ஏப்ரல் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் லேபைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் மோட்டார் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா. எனக்கு வந்த கோபத்தில் விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். படித்துப் படித்துச் சொன்ன பிறகும் இந்த மனுஷன் விஷத்தை இழுத்துக் குளத்தில் விடுகிறாரே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் உப்பனாற்றுப் பக்கத்து மதகு மூடியே இருக்கிறது. மோட்டார் குழாயை எங்கள் சேமிப்புக் குளத்தில் இறக்கி, அந்தத் தண்ணீரையே எடுத்து அதிலேயே திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறார். சத்தம் மட்டும்தான் ஓடுகிறது.

"மோட்டார் ஓடலன்னா நீ எங்கிட்ட சொல்லிட்டேன்னு தலைவருக்குத் தெரிஞ்சிடும். லேபுக்கு நாளைக்கு ஒருத்தன் வருவானா? உன் பேருக்காகத்தான் போட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைப்பானேன். நம் குளம் தப்பித்தது, என் பெயரும் தப்பித்தது, இந்த மனுஷனுக்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்திருக்கிறதே என்று அவர் மேல் பிரியமாகக்கூட இருந்தது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

அப்புறம் ஒவ்வொரு மோட்டாராக ஓட ஆரம்பித்தது. முதலில் ராசகிளியுடையது. பிறகு அதற்கடுத்த முத்தையனுடையது. பிறகு தெற்கே, இன்னும் தெற்கே. எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். இளங்கீரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்கவங்க தண்ணிய அவங்கவங்கதான் பாத்துக்கணும்" என்று கரையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்தியதும் பக்கத்து மோட்டார்களும் ஒவ்வொன்றாக நின்றன. கரைமேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். ராசகிளி, முத்தையன், தெற்கே இருந்து நாலைந்து பேர். என்னாச்சு, ஏன் நிறுத்தினீங்க என்று கேட்டார்கள்.

"தலைவர் குளத்துல வெள்ளைப்புள்ளி. அந்தத் தண்ணிதான் இது. யாரும் எடுக்காதீங்க."

சொல்லிவிட்டேன். ஆறு வருடத்துப் பெயர் ஒரே மூச்சில் போயிற்று. ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. முத்தையன் எங்கள் குழாய் சேமிப்புக் குளத்தில் கிடப்பதைப் பார்த்தார். பிறகு எங்கள் மூடிய மதகைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தலைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசினார். உள்ளே வரமாட்டேன் என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

"கடவுள்கிட்ட சொல்ற மாதிரி ஒங்கிட்ட சொன்னோம் தங்கச்சி. நீ மொதல்ல ஒம் புருஷங்கிட்ட சொன்ன. அப்புறம் ஊருக்குச் சொன்ன. நடுவுல ஒரு மோட்டார் வேற ஓட்டுன."

"நீங்க தண்ணிய விடாம இருந்திருந்தா..."

"நான் திருடன். சரி. நீ யாரு?"

ஒருத்தரிடமும் வாய் கொடுத்துத் தோற்றவள் இல்லை நான். இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ராசகிளியின் இரண்டாம் குளத்து இறால் சிவந்து கரையோரம் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. என்னிடம் கொண்டு வரவில்லை. கொண்டு வர என்ன இருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது. நானே போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்ததைக் கூடையில் அரித்துக்கொண்டிருந்தாள். பெண்ணும் கூட நின்றாள்.

"நான் வந்ததுமே நிறுத்திட்டேன் ராசகிளி."

"நீங்க ஸ்கூட்டர்ல போனதப் பாத்தேன்கா. அதப் பாத்துட்டுத்தான் மோட்டாரப் போட்டேன். லேப்பம்மாவே வந்துட்டாங்க, இனிமே பயமில்லன்னு எம் பொண்ணுகிட்டகூட சொன்னேன்." கூடையைக் கரையில் வைத்தாள். "உங்க மோட்டார் நிக்கிறதுக்குள்ள எங்குளத்துல ஒரு சாண் ஏறிடுச்சுக்கா."

ஒரு சாண் ஏறுகிற அளவுக்கு நேரம் ஆகியிருக்காது. அவளுடையது புது மோட்டார், வேகமாக இழுக்கும். அதனால் அப்படி இருக்கலாம்.

பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைக் கொண்டுபோய் அவள் கரையில் இறக்கினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்தியிருக்கிறாள். இந்தக் கரையில் அப்படிச் செய்த முதல் ஆள் அவள்தான்.

ஏப்ரல் 18, வெள்ளி

அந்தச் சனிக்கிழமை கரையில் டீ குடித்தேன். ஒன்றல்ல, இரண்டு. மோட்டார்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவது. போதுமா?

ஏப்ரல் 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். இளங்கீரன் போய்விட்டு வந்து சொன்னார். தலைவர் எழுந்து, "எங்குளத்து ரிசல்ட்ட கரையில நின்னு படிச்சவ நாளைக்கு உங்களதப் படிக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்றாராம். யாரும் இனிமேல் என் லேபுக்கு இறால் கொடுப்பதில்லை என்று முடிவு. மறுத்து ஒரு குரல் இல்லை. நான் காப்பாற்றிய குளத்துக்காரர்களும் கையைத் தூக்கினார்களாம். வாட்ஸப் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. முத்தையன் குளத்தில் அன்றைக்கு ஒரு பொட்டுத் தண்ணீர் ஏறுவதற்குள் நிறுத்தியது நான்தானே. அந்த மனுஷனுக்குக் கைதூக்க எப்படி மனசு வந்தது.

ஏப்ரல் 23, புதன்

லேபில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சில பேர் பஸ் ஏறி வெளியூர் லேபுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். யார் குளத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது.

வேலை இல்லாததால் பழைய ரிசல்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் மெர்சி சொன்ன மாதிரி ஒரு தாளில் உப்பனாற்றை வரைந்து குளம் குளமாகக் குறித்தேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். இந்த ஆறு வருடத்தில் நோய் வந்த ஒவ்வொரு தடவையும் தலைமாட்டுக் குளங்களில் எங்கேயோ ஒன்றில்தான் ஆரம்பித்திருக்கிறது. அடுத்த பௌர்ணமி அல்லது அமாவாசை கழிந்து கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும். ஒவ்வொருத்தருக்கும் அவரவர் ரிசல்ட்டைத் தனித்தனியாக மடித்துக் கொடுத்தேன். அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒரு நாளும் இரண்டு ரிசல்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்ப்பதே துரோகம் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் மெர்சிக்கு நானே போன் செய்தேன். தருகிறேன், ஆனால் ஒவ்வொருத்தரையும் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்றேன். "கேட்டா தருவாங்களா?" என்றார். இப்போதைக்கு என்னிடம் பேசவே ஆள் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

எங்கள் மூன்றாம் குளத்து இறாலுக்கு விலை பேசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரி வண்டி வருகிறது. இளங்கீரன் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். இந்த அறுவடையை விட்டால் எங்களுக்கும் வேறு வரும்படி இல்லை. அன்றைக்கேதான் அமாவாசை. ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கும்.

ஏப்ரல் 26, சனி

காலையில் ராசகிளி லேபுக்கு வந்தாள். கையில் பை இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணாங்குளத்து எறால வெளியூர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"சந்தோஷம் ராசகிளி."

"என்ன சந்தோஷம்? எங்குளம் நல்லாருக்குன்னு அவங்க சொல்லுவாங்க. பக்கத்துக் குளம் எப்படி இருக்குன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்னை நேராகப் பார்த்தாள். "உங்க மூணாங்குளத்துல இப்பவே வல வீசி எடுங்க. எங் கண்ணு முன்னாடி பாருங்க. முடியிறவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

இளங்கீரனுக்குக் கோபம் வந்தது. நாளைக்கு அள்ளப்போகிற குளத்தில் இன்றைக்கு எதற்கு வலை என்றார். இறால் நன்றாகத்தானே மேய்கிறது என்றார். நான் சோதனைக் குழாய்களை எடுத்து வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே போய் வீசி எடுத்து வந்து மேசையில் பையை வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் என் புடவையில் தெறித்தது.

இந்தச் சோதனை கால்மணியில் முடிகிற காரியம் இல்லை. அரைத்து, சூடேற்றி, இயந்திரத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ராசகிளிக்குச் சாப்பாடு கொடுத்தேன், வேண்டாம் என்றாள். டீ என்றேன். அதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒவ்வொரு அளவையும் இரண்டு தரம் பார்த்து ஊற்றினேன். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவை வேறு யாருடைய இறாலோ.

வெயில் தாழ்ந்த பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தடிமனான கோடு இல்லை. மெல்லிய கோடு. ஆனால் கோடு. அவள் குளத்துக் கரையைத் துளைத்துக்கொண்டு நண்டு வந்திருக்கலாம், செத்ததைக் கொத்திக்கொண்டு காக்கை வந்திருக்கலாம். எப்படியோ வந்துவிட்டது.

இளங்கீரன் வாசல்படியில் நின்றிருந்தார். என் முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு நாள் புனிதா. நாளைக்குக் காலைல வண்டி போயிடும். தண்ணிய நான் விடமாட்டேன், பிளீச்சிங் போட்டு நிறுத்திடுறேன். சத்தியமா. யாருக்கும் கெடுதல் இல்ல. ஒரு நாள் மட்டும் சும்மா இரு" என்றார். ராசகிளி அங்கேயே இருக்கிறாள் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவர் செய்வார். நிறுத்துவார் என்றால் நிறுத்துவார். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரே ஒரு நாள். எங்கள் அறுவடை. இதை எந்த வெட்கமும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் வண்டியில் ஏறும்போது வலையிலிருந்தும் கூடையிலிருந்தும் வழிகிற தண்ணீர் எங்கே போகும்? உப்பனாற்றுக்குத்தான். நாளைக்குக் காலையில்தான் எல்லாரும் எடுப்பார்கள்.

"என்னக்கா?" என்றாள் ராசகிளி.

"இருக்கு. வெள்ளைப்புள்ளி. எங்க மூணாங்குளத்துல."

அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை. புடவைத் தலைப்பால் போனைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "எனக்கு மட்டும் சொன்னா பத்தாது. சங்கத்துக் குரூப்புல உங்களத் தூக்கிட்டாங்கல்ல. எம் போன்ல பேசி அனுப்புங்க."

பேசினேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "நான் புனிதவதி பேசுறேன். எங்க மூணாங்குளத்துல வெள்ளைப்புள்ளி இருக்கு. இன்னைக்குத்தான் பாத்தோம். நாளைக்கு நாங்க அள்ளல. தண்ணிய வெளிய விடமாட்டோம். உங்க குளத்துல எதாவது தெரிஞ்சா சொல்லுங்க. தெரியறவரைக்கும் யாரும் தண்ணி எடுக்காதீங்க." அனுப்பியாயிற்று. இளங்கீரன் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள் என்று மட்டும் போனில் தெரிந்தது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் முத்தையன் எழுதினார். எங்க குளத்துலயும் இருக்கு, நாலு நாளாச்சு. ராசகிளி அதைச் சத்தமாகப் படித்தாள். அதைப் படித்து முடிப்பதற்குள் தெற்கே இருந்து இன்னொருத்தர். எங்களுக்கும் சந்தேகமா இருக்கு, பாக்காம வெச்சிருக்கோம். அடுத்து இன்னொருத்தர், நாளைக்கு விடியக்காலைல தண்ணிய விடலாம்னு இருந்தோம், நிறுத்திக்கிறோம்.

இளங்கீரன் எழுந்து, வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்ல வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போனார்.

ராசகிளியின் போன் அணைகிற மாதிரி மினுக்கியது. "சார்ஜர் இருந்தா குடுங்கக்கா" என்றாள். "இன்னும் வரும்."